எனக்காகப் பேசியவர்கள்

1

பள்ளிக்கூடத்து ஆண்டு விழா மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செல்வராணி கேட்டாள். செல்வராணி ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் இருப்பது கனடாவில், டொரோன்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில். பேக்கரி பாக்டரியில் பாண் பொதி செய்கிற வேலை. இடைவேளைக்குச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் குரல் பதிவு போனில் வந்தது.

“ஏய் ஈஸ்வரி, எப்புடிடி இருக்க? ஒன் நம்பர கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் ஸ்கூல்ல பெரிய விழா. மலர் ஒன்னு போடுறோம். வெளிநாட்டுல இருக்கிற பழைய மாணவி ஒருத்தர் எழுதணும்னு அதிபர் சொல்றாரு. தலைப்புகூட குடுத்துட்டாங்க. ‘உயர்பள்ளியில் எனது முதலாம் ஆண்டும் எம்மைத் தாங்கிய ஊழியர்களும்.’ நீதான் கட்டுரை எல்லாம் நல்லா எழுதுவியே. அழகா நாலு நன்றி சொல்லி எழுதி அனுப்புடி. நம்ம பழைய உப அதிபர் போட்டோதான் மொத பக்கம்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு அக்கா, கெட்ட செய்தியா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

முதலாம் ஆண்டைப் பற்றி எழுதச் சொன்னது ஒரு விதத்தில் பொருத்தம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்பதே முதலாம் ஆண்டு மட்டும். இரண்டாம் ஆண்டு கிடையாது. செல்வராணி அதை மறந்துவிட்டாள். மலர் போடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. படிப்பும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆனாலும் கேட்டிருக்கிறார்கள், எழுதுகிறேன். நன்றியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

2

இங்கே எட்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் மாற வேண்டும். அதுதான் உயர்பள்ளியின் முதல் வருஷம். என் மகள் தர்ஷினி போன வருஷம் அப்படிச் சேர்ந்தாள்.

அந்த முதல் வருஷத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எத்தனை ஊழியர்கள் என்கிறீர்கள்! எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்ட ஓர் ஆசிரியை. மனம் சரியில்லை என்றால் பேசுவதற்கு ஒருவர். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு உதவ ஒருவர். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்க ஓர் அம்மா. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் எல்லாரும் மேடையில் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். மற்றப் பெற்றோர் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் ஏன் இப்படி எரிகிறது என்று வெட்கப்பட்டு நானும் தட்டினேன்.

தர்ஷினி இலங்கை மலையகத்தில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். என் கணவர் முதலில் வந்து, பிறகு எங்களைக் கூப்பிட்டார். அவள் அப்போது சின்னப் பிள்ளை. இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அதுவும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில், தண்ணி பிடிக்கிற பீலியடியில் சண்டை போடுகிற மாதிரிச் சுத்தமான தோட்டத்துத் தமிழ். எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. என்னிடமிருந்துதான் இருக்க வேண்டும்.

வெளியில் அவள் என்னைப் போலவே ஊமை. வகுப்பில் கை தூக்குவதில்லை. பரீட்சைத் தாளில் எழுதிவிடுவாள். எழுந்து நின்று பேசச் சொன்னால் கழுத்தெல்லாம் சிவந்துபோகும்.

மாசிக் குளிரில் ஒரு நாள் அந்த வழிகாட்டி ஆசிரியை, மிஸஸ் கேரன், எனக்கு போன் எடுத்தார். தர்ஷினியின் அடுத்த வருஷப் பாடங்களைப் பற்றிப் பேச வேண்டும், வர முடியுமா என்றார்.

பத்தாம் வகுப்பில் முக்கியமான பாடங்களை இரண்டு வழியாகப் பிரிக்கிறார்கள். ஒரு வழி கஷ்டமானது, பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. மற்றது இலேசானது, தொழில் படிப்பின் பக்கம் போகிறது. இலேசான வழியில் இறங்கிய பிள்ளை திரும்ப மேலே ஏறுவது சுலபம் இல்லை. தர்ஷினிக்கு மருந்து கொடுக்கிற பாமசிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. என்னிடம் சொன்னதில்லை. சிநேகிதியிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

“சிவநேசன் அண்ணன கூட்டிட்டுப் போ” என்றார் கணவர். “நீ தனியா போயி என்னத்த பேசப் போற? வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்ப.”

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஏன் பட்டது என்பதை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போவதில்லை. லயத்துக் கூரை ஒழுகினாலும், பிள்ளையின் பிறப்புப் பதிவில் சிக்கல் என்றாலும், வேலை நாளை வெட்டிவிட்டார்கள் என்றாலும், முதலில் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். தலைவர் என்றால் தோட்டத்து யூனியன் தலைவர். அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். நாங்கள் பின்னால். தோட்டத்து மேனேஜரான துரையிடம் அவர் பேசுவார். எங்கள் வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும், அவர் திரும்பிப் பார்க்கும்போது தலையை ஆட்டுவதும்தான். அவர் பேசும்போது நாங்கள் வாயைத் திறந்தால் அவருக்கு அவமானம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டம் இருந்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை நான் சூட்கேசில் வைத்துக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அது என் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. கனடாவில் ஒரு தலைவரைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

3

சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து நீண்ட காலம். கோயில் கமிட்டியில் இருக்கிறார். நாங்கள் வந்த புதிதில் எங்கள் பத்திரங்களை எல்லாம் நிரப்பித் தந்தவர். ஒரு சதம் வாங்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் பேனா குத்தியிருப்பார். தர்ஷினி அவரை ‘பேனா அங்கிள்’ என்பாள்.

மிஸஸ் கேரனின் அறையில் ஒரு வட்ட மேசையும் நாலு நாற்காலியும் இருந்தன. அண்ணன் போனவுடனே உட்கார்ந்தார். தர்ஷினியும் உட்கார்ந்தாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லையே என்று நின்றேன். மிஸஸ் கேரன் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் அதன் விளிம்பில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் சூப்பர்வைசர் கத்துகிற இங்கிலீஷையே பிடித்துக்கொள்கிறவள் நான். அவர் பேசியது எனக்கு விளங்கியது. தர்ஷினி நல்ல பிள்ளை, பரீட்சைகளில் பரவாயில்லை, ஆனால் வகுப்பில் பேசுவதே இல்லை, ஒரு தடவை எல்லார் முன்னாலும் பேசச் சொன்னபோது அழுதுவிட்டாள், அடுத்த வருஷம் இலேசான வழியில் போட்டால் அவளுக்குப் பாரம் குறையுமோ என்று நினைக்கிறோம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தே கேட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

என் கழுத்து தானாகத் திரும்பியது. நான் சிவநேசன் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். நீளமாகப் பேசினார். நல்ல வேகமான இங்கிலீஷ். ‘டீ எஸ்டேட்’ என்பது காதில் விழுந்தது. ‘லேபர்’ என்பது விழுந்தது. ‘சிம்பிள் பீப்பிள்’ என்பது விழுந்தது. இடையில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தலையை ஆட்டினேன். தர்ஷினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்திருந்தது.

மிஸஸ் கேரன் மறுபடி என்னைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்கு முன்பே அண்ணன் “யெஸ், யெஸ், ஷீ இஸ் ஹேப்பி” என்றார். மிஸஸ் கேரன் அன்பாகப் புன்னகைத்து எதையோ எழுதிக்கொண்டார்.

காரில் வரும்போது அண்ணன் திருப்தியாக இருந்தார்.

“தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் எல்லாம் வடிவாக் கதைச்சுப்போட்டன். பிள்ளைக்குப் பாரமில்லாத படிப்பு. கெதியா ஒரு வேலைக்கும் போயிடலாம்.”

“சரிங்க அண்ணன். ரொம்ப நன்றிங்க” என்றேன்.

ஆமாம், நன்றி சொன்னேன். அந்த அறையில் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒருவரும் என் பிள்ளையைத் திட்டவில்லை. மேசையில் கண் துடைக்கக் கடதாசிகூட வைத்திருந்தார்கள். அவ்வளவு அன்பாக அவளுடைய வழியை மூடினார்கள். மூடியதற்கு நான் நன்றி சொன்னேன்.

4

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். உயர்பள்ளியில் எனது முதலாம் ஆண்டு.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைதான். நான் கணக்கில் கெட்டிக்காரி என்று எங்கள் சார் சொல்லி, அப்பா என்னை ஹட்டன் டவுனில் உங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அம்மா விடியற்காலையில் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் ரோட்டுக்கு இறங்குவோம். குறுக்கு வழி தேயிலைக்குள்ளே. மழைக் காலத்தில் அட்டை காலைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அந்த வழியில் வர முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், எங்கள் சப்பாத்தையும் காலுறையையும் தன் கடைக்குள் ஒரு தேயிலைப் பெட்டியில் வைத்துக்கொள்ள விட்டார். கால் கழுவத் தண்ணீரும் தருவார். அட்டை கடித்த இடத்தில் வைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பும் தருவார்.

“ஓடுங்க மகள் ஓடுங்க, கேட்ட சாத்தப் போறாங்க. ஒங்க பஸ்ஸு இன்னைக்கும் தூங்கித்தான் வந்திரிக்கி.”

எங்களைத் தாங்கிய ஊழியர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். அவருக்கு உங்கள் பள்ளிக்கூடம் சம்பளம் கொடுக்கவில்லை. மலரில் அவர் படம் வருமா?

எவ்வளவு ஓடினாலும் பாதி நாள் கேட் சாத்தியிருக்கும். எங்கள் பக்கத்துக்கு இருந்தது ஒரு பஸ். அது மூடுபனியில் ஊர்ந்து வரும், வழியில் நிற்கும், சில நாள் வரவே வராது. பிந்தி வந்த பிள்ளைகளைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனி வரிசையில் நிற்க வைப்பார்கள். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். அந்த வரிசைக்குப் பெயரே ‘தோட்டத்து லைன்’. நீங்கள் முதல் பக்கத்தில் படம் போடப் போகிற உப அதிபர் எங்கள் முன்னால் நடந்துகொண்டு சொல்வார்:

“பெரட்டுக்கு லேட்டா போனா ஒங்க அம்மாவுக்குப் பேரு போடுவாங்களா? போட மாட்டாங்கள்ல? இங்க மட்டும் என்ன?”

காலைக் கூட்டம் முழுவதும் சிரிக்கும். ஆசிரியர்களும் சிரிப்பார்கள். செல்வராணி, நீ சிரித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீ டவுன் பிள்ளை, முன் வரிசையில் நின்றாய்.

வருஷக் கடைசியில் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அப்பா வேலைக்குப் போகாமல், பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாரிமுத்துத் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைவரின் பையில் மூன்று பேனா இருக்கும். அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

உப அதிபரின் அறையில் அவர் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் தலைவர் உட்கார்ந்தார். அப்பா நின்றார். நான் கதவடியில் நின்றேன்.

“தலைவரே, இந்தப் புள்ள பாதி நாள் லேட்டு” என்றார் உப அதிபர். “தோட்டத்துல இருந்து வந்து போறது இதுகளுக்குக் கஷ்டம். இடையில நிப்பாட்டுறதவிட, ஒங்க பக்கத்துத் தோட்டத்து வித்தியாலயத்துலயே படிக்கட்டுமே. அதுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.”

கடைசித் தவணைப் பரீட்சையில் கணக்கில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். அந்த அறையில் அதை யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியும். அவர் சொல்லலாம். சொல்வாரென்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றார் தலைவர். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “அடுத்த வருஷம் நம்ம பையன் ஒருத்தன் ஆறாம் வகுப்புக்கு வர்றான். கொஞ்சம் பாத்துக்கங்க சார்” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கு மீன் வைத்த மாலுபாண் ஒன்று வாங்கித் தந்தார். “தலைவரே பேசியிருக்காரு. அதுக்கு மேல நாம என்ன பேசுறது” என்றார். நான் தின்னவில்லை. நானாவின் கடைக்குப் போய்ச் சப்பாத்தை எடுத்துக்கொண்டேன். நாளைக்கு வரும்போது எடுக்கலாமே என்றார் நானா. நான் கடை வாசலில் நின்று அழுதேன்.

தலைவரின் மகன் அடுத்த வருஷம் அங்கே சேர்ந்தான்.

செல்வராணியின் குரல் பதிவு வந்த பிறகு நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிந்தி வந்த காரணத்துக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளையை ஓர் உப அதிபரால் அனுப்பிவிட முடியுமா?

“சேச்சே, அப்புடியெல்லாம் அனுப்ப ஏலாதுடி” என்றாள். “பெத்தவங்க ஒத்துக்கிட்டாத்தான். ஏன், யாரையாச்சும் அனுப்புனாங்களா?”

5

மிஸஸ் கேரனைப் பார்த்த அன்று, சிவநேசன் அண்ணனின் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் தர்ஷினி பையை வீசினாள். தமிழ் வந்தது.

“நீங்க ஏன் அந்த ஆள கூட்டிட்டு வந்தீங்க?”

“எனக்கு இங்கிலீஷ் வராதுல்லம்மா.”

“மிஸஸ் கேரன் மெதுவாத்தானே பேசினாங்க. ஒங்களுக்கு வெளங்கிச்சு. வெளங்கலன்னு பொய் சொல்லாதீங்க. அந்த ஆள் என்ன சொன்னாருன்னு தெரியுமா? இவங்க தோட்டத்துல கூலி வேல செஞ்ச ஆளுங்களாம். படிப்புப் பழக்கம் இல்லாத குடும்பமாம். புள்ள ஸ்கூல் முடிச்சு ஒரு வேலைக்குப் போனாலே இவங்களுக்குப் பெருசாம். பெருசா ஒன்னும் எதிர்பார்க்க மாட்டாங்களாம். நீங்க அதுக்குத் தல ஆட்டுறீங்க!”

“ஒனக்குத்தான் வெளங்குச்சே. நீ ஏன் அங்க சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

அவள் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள்.

மாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், “விடு, பெரிய மனுசன். நாளைக்கு ஒரு பேப்பர் நெரப்பணும்னா யாருகிட்ட போவ?” என்றார்.

“நானே நெரப்புவேன்.”

“நீயா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

சிவநேசன் அண்ணனுக்கு போன் எடுத்தேன்.

“அண்ணன், நீங்க அங்க எங்களப் பத்தி என்ன சொன்னீங்க?”

“உங்கட நிலைமையைத்தான் விளங்கப்படுத்தினனான் தங்கச்சி. பிள்ளையில அவையள் சும்மா பாரத்தைப் போடாமல்...”

“எங்க நெலம ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? எங்கிட்ட கேட்டீங்களா?”

“என்ன, கோவிக்கிறியளோ?” என்றார்.

“ஆமாங்க. கோவமாத்தான் இருக்கேன். இனிமே எங்களுக்காக எங்கயும் வந்து பேச வேணாங்க.”

பெரிய மனுஷரிடம் சண்டை பிடிக்கும்போதும் ‘ங்க’ போகவில்லை. அது ரத்தத்தில் இருக்கிறது. போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

இந்தக் குறிப்பை இங்கே திருப்பி, யாழ்ப்பாணத்தார் எங்களை மதிக்க மாட்டார்கள் என்று எழுதினால் எங்கள் ஆட்களில் பலர் கை தட்டுவார்கள். எழுதுவது சுலபம். ஆனால் மாரிமுத்துத் தலைவர் எங்கள் லயத்து ஆள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர். என் பெயரை வெட்டச் சம்மதித்தது அவருடைய வாய். அப்பாவின் தலையும், இங்கே என் தலையும் ஆடின. எங்களுக்காகப் பேசுகிறோம் என்று வருகிறவர் எந்த ஊரானாலும், நாங்கள் பின்னால் நிற்கிறவரைதான் அவருக்கு மதிப்பு. எனக்குக் கோபம் அந்த இடத்தின் மேல்தான், பின்னால் நிற்கிற அந்த இடத்தின் மேல்.

6

அடுத்த கிழமை நானே மிஸஸ் கேரனுக்கு போன் எடுத்து நேரம் கேட்டேன். மொழிபெயர்ப்பவர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். தர்ஷினி மொழிபெயர்ப்பாளா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். பிள்ளையைத் தலைவர் ஆக்க எனக்கு விருப்பம் இல்லை.

பாண் பொதிகள் வந்துகொண்டிருக்கிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் அக்கா எதிரில் நின்று மிஸஸ் கேரனாக நடித்தார். “நோ, லவுடர், லவுடர்” என்று கத்தினார். சூப்பர்வைசர் வந்து எங்களைப் பார்த்துக் கத்தினார்.

அந்த நாள் வந்தது. தர்ஷினியோடு அறைக்குள் போனவுடன், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன். நாற்காலியில் முழுவதும் சாய்ந்து உட்கார்ந்தேன். சின்ன விஷயம்தான். எனக்கு வியர்த்துவிட்டது.

என் இங்கிலீஷில் இலக்கணம் எதுவும் இல்லை. அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும். நான் அம்மா. போன தடவை பேசியவர் எங்கள் குடும்பம் இல்லை. அவர் சொன்னது என் பேச்சு இல்லை. எனக்குச் சம்மதம் இல்லை. என் மகள் பேச வெட்கப்படுவாள், நானும் வெட்கப்படுவேன். வெட்கம் இருந்தால் மூளை இல்லை என்று அர்த்தமா?

மிஸஸ் கேரன் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மாறிப்போயிருந்தது.

“போன தடவையே நான் உங்களிடம் சொன்னேனே” என்றார். “இது எங்கள் யோசனை மட்டும்தான், முடிவு நீங்களும் தர்ஷினியும் எடுப்பது என்று. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் உங்களுக்குச் சந்தோஷம் என்றார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள்.”

முடிவு எங்களுடையது. முதல் நாளே எங்களுடையது. அதை என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். நான்தான் வேறொருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹட்டனில் அந்த அறையில் அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அங்கேயும் முடிவு அவருடையதாகத்தான் இருந்திருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. இதை எழுதுகிற இப்போதும் என் பல் கடிபடுகிறது.

மிஸஸ் கேரன் தர்ஷினியின் பக்கம் திரும்பினார். “உனக்கு எது வேண்டும்?”

தர்ஷினி மேசையைப் பார்த்தாள். கழுத்து சிவந்தது. கை விரல்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு பாமசிஸ்ட் ஆக வேண்டும் என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. இங்கிலீஷில்கூட வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிவநேசன் அண்ணனைப் பார்த்த அதே பார்வை. அப்பாவைத் தலைவர் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் கண்ணில் இருந்ததும் இதுவாகத்தான் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். தலையையும் ஆட்டவில்லை.

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாகக் கத்திக்கொண்டு நடந்து போனார்கள். பிறகு சத்தம் அடங்கியது. அவள் இன்னும் பேசவில்லை. மிஸஸ் கேரனுக்குப் பொறுக்கவில்லை. “வேண்டுமென்றால் வீட்டில் யோசித்து...” என்று தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஓர் ஆசிரியையை நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“ஐ வாண்ட் த ஹார்ட் ஒன்” என்றாள் தர்ஷினி.

குரல் பூனைக்குட்டியின் குரல் மாதிரி இருந்தது. மிஸஸ் கேரன், அந்த வழியில் பேசுகிற வேலை இன்னும் அதிகம் இருக்கும், தெரியும்தானே என்றார்.

“ஐ நோ.” இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

7

இப்போது அவள் பத்தாம் வகுப்பில் அந்தக் கஷ்டமான வழியில்தான் படிக்கிறாள். புள்ளிகள் பெருமைப்படும்படி இல்லை. “எல்லாம் ஒங்களாலதான்” என்று தமிழில் என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். கேட்டது அவள்.

செல்வராணி, இதுவரை எழுதி நான் அனுப்பிய இந்தக் குறிப்பை நீ வாசித்துவிட்டு, “இத எப்புடிடி மலர்ல போடுறது, கொஞ்சம் நன்றி மாதிரி மாத்தித் தாயேன்” என்றாய். மாற்ற மாட்டேன். போடாவிட்டால் பரவாயில்லை. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசி. உனக்கு நல்ல குரல், எனக்குத்தான் இல்லை.

வாசித்து முடித்ததும் அதிபரிடம் சொல். உங்கள் ஆபீஸ் அறையில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அடுத்த வருஷம் தோட்டத்திலிருந்து ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வரும். பஸ் பிந்தும். நீங்கள் பெற்றோரைக் கூப்பிடுவீர்கள். ஓர் அப்பா, பெட்டியில் மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு தலைவருக்குப் பின்னால் வந்து நிற்பார். தலைவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். அப்பாவை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். முடிவு உங்களுடையது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

அவர் உடனே பேச மாட்டார். யாராவது தனக்காகப் பேசுவார்களா என்று கதவைத் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் பேசாதீர்கள். அவர் வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.